24 வாரக் கொரிய மொழி இணையவகுப்பு: கருவிகளையும் கற்பித்தலையும் குறித்து ஒரு மதிப்பீடு

திருப்பெரும்புதூருக்கு அருகில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றிய பிறகு அதைச் சுற்றிக் கொரிய உதிரிபாக நிறுவனங்கள் பல வந்து சேர்ந்ததால், எங்கள் வட்டாரத்தில் கொரிய மொழிக்குப் பிழைப்போடு நேரடித் தொடர்பு உண்டு. மேலதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, பேச்சு நம்முடைய உற்பத்தி வரிசையில் விழுந்த குறையைப் பற்றியதா, மதிய உணவைப் பற்றியதா என்றுகூடப் புரியாமல் பக்கத்தில் நின்ற நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அந்த நிலையை மாற்றிக்கொள்ளும் எண்ணத்தில்தான், சென்ற ஆண்டு 24 வார இணையவகுப்பு ஒன்றில் சேர்ந்து முடித்தேன். அந்த வகுப்பையும் அதில் பயன்பட்ட தொழில்நுட்பங்களையும் பற்றியதே இந்த மதிப்பீடு.

வகுப்பை நடத்தும் நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. சில குறைகளைக் கடுமையாகவே சொல்லப்போகிறேன். அவை இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையல்ல, இதே மாதிரியில் இன்று நடக்கும் பல வகுப்புகளுக்கும் பொருந்துபவை என்றே கருதுகிறேன். கட்டணம் 14,500 ரூபாய். ஒரு குழுவில் ஏழு பேர். வாரத்திற்கு இரண்டு நேரடி வகுப்புகள் (இணையத்தில் நேரலையாக), ஒவ்வொன்றும் 75 நிமிடம். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பாக வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டிய இருபது நிமிடக் காணொளி ஒன்று, சொற்பயிற்சிக்கு ஒரு செயலி, உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலி ஒன்று, செயற்கை நுண்ணறிவுடன் உரையாடிப் பழகும் வசதி, மாதம் ஒருமுறை மெய்நிகர் உலகில் ஒரு வகுப்பு ஆகியவை இந்தக் கட்டணத்தில் அடங்கும். ஆசிரியர் கொரிய நாட்டவர், சியோலிலிருந்து கற்பிக்கிறார். அவருக்குத் துணையாகச் சென்னையில் இருக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் வாரம் ஒருமுறை ஐயம் தீர்க்க வருவார்.

முதல் இரண்டு வாரங்கள் எழுத்துகளுக்கு. 1443-இல் சேஜோங் அரசர் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையை, அறிவுள்ளவர் ஒரு காலைப்பொழுதுக்குள்ளும் மற்றவர் பத்து நாட்களுக்குள்ளும் கற்றுவிடலாம் என்று அக்காலத்து அறிஞர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 14 மெய், 10 உயிர் என இன்று வழங்கும் 24 அடிப்படை எழுத்துகளைப் பழக எனக்கு நான்கு மாலைகள் போதுமாக இருந்தன. இந்தப் பகுதியில் அசைபடம் உண்மையிலேயே உதவியது. வாயின் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் நாக்கின் அடிப்பகுதி மேலெழுந்து தொண்டையை அடைப்பதையும், அந்த வளைவே ககர எழுத்தின் வடிவமாக மாறுவதையும், நுனிநா மேற்பல்லின் அடியைத் தொடும் கோலமே நகர எழுத்தாக நிற்பதையும் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். எழுத்துகள் வாயில் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் பிறப்பியலில் நூற்பாவாகச் சொல்லிவைத்தது. சேஜோங் அரசர் பிறப்பிடத்தையே வடிவமாக வரைந்து கையில் கொடுத்துவிட்டார். தமிழ் இலக்கணம் பள்ளியில் படித்தவருக்கு இதைவிட மகிழ்ச்சியான தொடக்கம் இருக்கமுடியாது.

ஆனால் அந்த இரண்டாம் வாரத்திலேயே இந்த வகுப்பின் அடிப்படைக் குறையும் தெரிந்துவிட்டது. காணொளிகள் எல்லாம் ஆங்கிலம் வழியாகக் கற்பவருக்காகச் செய்யப்பட்டவை. இதழைக் குவிக்காமல் ஒலிக்கும் ஓர் உகரம் கொரிய மொழியில் உண்டு. அதை விளக்கப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பல்லைக் கடித்துச் சிரிப்பதுபோல வைத்துக்கொண்டு ஊகாரம் சொல்லுங்கள் என்றார்கள், கண்ணாடி முன் நிற்கச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது வரவில்லை. அந்த வார ஐயம் தீர்க்கும் வகுப்பில் தமிழ் ஆசிரியை, "நாடு, காசு, பாட்டு என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், கடைசியில் வருகிற உகரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஏழு பேருக்கும் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. நாம் குற்றியலுகரம் என்று பெயர் வைத்துப் படித்த அதே ஒலிக்கு மிக நெருங்கிய ஒலி அது. பிறந்ததிலிருந்து நம் வாயில் இருக்கும் ஒன்றை, அது இல்லாத மொழியின் வழியாகச் சுற்றிப்போய்த் தேடிக்கொண்டிருந்தோம்.

உச்சரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தொழில்நுட்பத்தின் ஆகச் சிறந்த பயனையும் ஆகப் பெரிய ஏமாற்றத்தையும் நான் கண்டது இந்த ஒரே இடத்தில்தான். கொரிய மொழியில் வல்லின ஒலிகள் மூன்று வரிசைகளாக நிற்கின்றன: இயல்பாக ஒலிப்பவை, மூச்சுக்காற்றோடு வெடிப்பவை, தொண்டையை இறுக்கி ஒலிப்பவை. தீ, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் முதல் இரண்டும் 'புல்' என்றே வந்து நிற்கும். மூன்றாவதை வேண்டுமானால் 'ப்புல்' என்று எழுதிப் பிரித்துக்காட்டலாம். நிலா, முகமூடி, மகள் ஆகிய சொற்களும் இதேபோல ஒரு மூவர் கூட்டம். மூச்சுக்காற்று வருகிறதா என்று உதட்டின் முன் காகிதத்தைப் பிடித்துப் பார்க்கும் பழைய முறையைத்தான் காணொளியில் முதலில் சொன்னார்கள். காகிதம் அசைந்தது, அசையவில்லை. ஆனாலும் ஆசிரியர் என் தீயைப் புல் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வாரத்தில் அவர் பிராட் என்னும் மென்பொருளைத் திரையில் திறந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான, ஒலியியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அது. தாம் சொன்ன மூன்று சொற்களையும் பதிவுசெய்து, குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டினார். தீ என்னும் சொல் தாழ்ந்த குரலில் தொடங்குகிறது, புல் என்னும் சொல் உயர்ந்த குரலில் தொடங்குகிறது. இன்றைய சியோல் பேச்சில், முக்கியமாக இளையவர்களிடம், சொல்லின் தொடக்கத்தில் வரும் இயல்பு ஒலியையும் மூச்சொலியையும் பிரிப்பதில் காற்றின் அளவைவிட இந்தக் குரல் உயரமே பெரிய பங்கு வகிக்கிறது. பின்னர் எங்கள் ஒவ்வொருவரின் பதிவையும் அவருடைய கோட்டின்மேல் வைத்துக் காட்டினார். என் கோடு மூன்று சொற்களுக்கும் ஒரே மட்டத்தில் தட்டையாகக் கிடந்தது. காதால் நான்கு வாரம் கேட்டும் பிடிபடாத வேறுபாடு, கண்ணால் ஒரு நிமிடம் பார்த்ததும் பிடிபட்டது. அன்று மாலை முழுவதும் மாடியில் நின்று தீயைத் தாழ்த்தியும் புல்லை உயர்த்தியும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பில் ஆசிரியர் என்னிடம் மூன்று சொற்களையும் கலைத்துச் சொல்லவைத்து, எழுதிக்காட்டிய மூன்றும் சரியாக இருந்தன.

மூன்றாவது வரிசையான இறுக்க ஒலி எங்களுக்குத் தமிழால் வந்தது. சொல்லின் தொடக்கத்தில் இரட்டை வல்லினம் தமிழில் இல்லை. ஆனால் இடையில் உண்டு. அப்பா என்று சொல்லி, முதல் அகரத்தை மனத்துக்குள் விழுங்கிவிட்டு, உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்திலிருந்து 'ப்பா' என்று வெளியே விட்டால் கொரிய இறுக்க ஒலிக்கு மிக அருகில் போய்விடலாம். கொரியக் குழந்தைகள் தந்தையை அழைக்கும் சொல் நம் காதுக்கு அப்பா என்றே கேட்பதும் இதனால்தான். அதேபோல, இயல்பு ஒலி இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும்போது மென்மையாகி ஒலிப்பது ஆங்கிலவழிக் கற்பவருக்குத் தனியாகப் பாடம் நடத்தவேண்டிய ஒன்று; 'பந்து' என்பதன் தகரத்தையும் 'தலை' என்பதன் தகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதி வெவ்வேறாக ஒலிக்கும் நமக்கு அது சொல்லாமலே வரும்.

இப்போது உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிக்கு வருகிறேன். ஒரு சொற்றொடரைத் திரையில் காட்டும், நாம் சொல்லவேண்டும், நூற்றுக்கு இத்தனை என்று எண்ணும் நட்சத்திரங்களும் வரும். முதல் மாதம் முழுவதும் எனக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. ஆசிரியரோ என் பேச்சைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஐயம் வந்து ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். மலையில் தீப்பிடித்தது என்னும் தொடரில், தீயை வேண்டுமென்றே புல்லாக ஒலித்தேன். 96 மதிப்பெண் வந்தது. இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பம், ஒலி தெளிவில்லாத இடத்தில் சுற்றியுள்ள சொற்களைக்கொண்டு எது பொருந்தும் என்று ஊகித்து நிரப்பும்படி உருவாக்கப்பட்டது. நாம் சொல்வதைப் புரிந்துகொள்வதே அதன் வேலை. மலை, பிடித்தது என்னும் சொற்களுக்கு நடுவே தீயைத் தவிர வேறென்ன வரமுடியும் என்று அது சரியாகவே ஊகித்துக்கொள்கிறது. அந்தக் கருவியை அப்படியே எடுத்து உச்சரிப்புக்கு மதிப்பெண் போடவைத்ததுதான் தவறு. புதிதாகக் கற்பவரிடம் தவறைச் சரி என்று சொல்லும் கருவி, ஒன்றும் சொல்லாத கருவியைவிடக் கெடுதலானது. ஏனென்றால் அந்தத் தவறு ஒவ்வொரு நாளும் நட்சத்திரத்தோடு நாக்கில் படிகிறது. எங்கள் குழுவில் நேரடி வகுப்பைத் தவறவிட்டுச் செயலியை மட்டும் நம்பியிருந்த இருவர், பதினைந்தாம் வாரத்துக்கு மேல் முதலிலிருந்து திருத்திக்கொள்ளவேண்டியிருந்தது. சொற்களைத் தனித்தனியாக, ஒத்த ஒலியுள்ள இணைகளாகக் கொடுத்துச் சோதித்தால் இந்தக் கருவியே ஓரளவு பயன்படும். நிறுவனத்திடம் எழுதிச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லிறுதி மெய்களில் நம்முடைய பழக்கம் குறுக்கே நிற்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கொரிய மொழியில் சோற்றுக்குரிய சொல் பகரத்தில் முடிகிறது, உதட்டை மூடியதோடு நின்றுவிடவேண்டும். நாம் பஸ்ஸை பஸ்ஸு ஆக்கியவர்கள். அந்தச் சோற்றுக்குப் பின்னாலும் ஓர் உகரத்தை ஒட்டாமல் நம்மால் எழுந்திருக்க முடியவில்லை. இதற்கு எந்தச் செயலியும் உதவவில்லை. ஆசிரியர் ஒவ்வொருவரையும் கண்ணாடி முன் வைத்து, உதடு மூடிய நிலையிலேயே இரண்டு நொடி நிற்கவைத்துத்தான் திருத்தினார்.

வீட்டில் காணொளி, வகுப்பில் பயிற்சி என்னும் தலைகீழ் வகுப்பு முறை, 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரண்டு வேதியியல் ஆசிரியர்களின் வழியாகப் புகழ்பெற்றது. மொழி வகுப்புக்கு இது வேதியியலைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. விளக்கத்தை வீட்டில் மூன்றுமுறை கேட்டுவிட்டு வந்துவிடுவதால், 75 நிமிடத்தில் ஏழு பேரும் பேசுவதற்கு நேரம் கிடைத்தது. நான் கணக்கிட்டுப் பார்த்த ஒரு வகுப்பில், ஆசிரியர் தொடர்ந்து பேசியது மொத்தம் பதினெட்டு நிமிடம் மட்டுமே. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காணொளியைப் பார்க்காமல் வருகிறவர் அந்த வகுப்பில் முற்றிலும் தொலைந்துபோவார். இரண்டாம் சுற்று வேலைநேரம் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வீடு வரும் வாரங்களில் எனக்கே அது நடந்திருக்கிறது. மாற்றுநேரப் பணியில் இருப்பவர்கள் சேருமுன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வகுப்பில் செய்யவைத்த பணிகள்தாம் இந்த 24 வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. உதாரணத்துக்கு ஒன்று. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவருக்குச் சியோல் மெட்ரோவின் வரைபடத்தையும் மற்றவருக்கு ஒருநாள் பயணத் திட்டத்தையும் அனுப்பிவிட்டார்கள். கங்னம் நிலையத்திலிருந்து கியோங்பொக்குங் அரண்மனைக்குப் போகவேண்டும். வரைபடம் வைத்திருப்பவர் வழி சொல்லவேண்டும். ஒருவர் திரையை மற்றவர் பார்க்கமுடியாது. இரண்டாம் தடத்தில் ஏறி, அடுத்த நிலையமான கியோதேயில் இறங்கி, மூன்றாம் தடத்துக்கு மாறவேண்டும் என்பதை அரைகுறைக் கொரியத்தில் சொல்லி முடிக்க எனக்கும் என் இணைக்கும் ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடத்தில் நாங்கள் இலக்கணத்தை நினைக்கவேயில்லை, அரண்மனைக்குப் போய்ச்சேர்வதையே நினைத்தோம். வண்டி மாறுவதற்கான கொரியச் சொல்லில், மாற்றுவது ஒரு பாதியாகவும் ஏறுவது மறுபாதியாகவும் இருக்கிறது: 'கராத்தாசெயோ', அதாவது மாறி ஏறுங்கள். ஒருமுறை அப்படிப் பயன்படுத்திய பிறகு அந்தச் சொல்லை நான் எந்த அட்டையிலும் எழுதி மனப்பாடம் செய்யவில்லை.

இப்படிப் பணியின் வழியாக மொழியைக் கற்பிக்கும் முறையை உலகத்தின் மொழிக்கல்வி நூல்கள் பேசும்போது தென்னிந்தியாவை விட்டுவிட்டுப் பேசமுடியாது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம், இலக்கணத்தை நேராக நடத்தாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடவைத்து, அதன்வழியே ஆங்கிலத்தைக் கற்பித்துப் பார்த்த முயற்சி. எங்கள் கொரிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பிரபுவைப் படித்தவர். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறோம் என்று தெரிந்ததும் அவர்தான் இதை எங்களுக்குச் சொன்னார். அந்த நாளில் எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

இலக்கணக் காணொளிகள் நன்றாக எடுக்கப்பட்டவை, ஒலி தெளிவு, எடுத்துக்காட்டுகள் ஏராளம். ஆனால் இங்கேயும் அதே சுற்றுவழிதான். வினைச்சொல் கடைசியில் வரும் என்பதற்கு ஒரு முழுக் காணொளி. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும் என்பதற்கு இன்னொன்று. 'எங்கள் வீடு, எங்கள் அம்மா' என்று தனி ஒருவர் சொல்வது கொரியரின் கூட்டுமனப்பான்மையைக் காட்டுகிறது என்று விளக்கம். எங்க அம்மா, எங்க வீடு என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் எதற்காகத் தேவைப்படும்? இவற்றைவிட ஆழமான ஒற்றுமை வினையெச்சத்தோடு துணைவினை சேரும் இடத்தில் இருக்கிறது. 'மொகொ பொசெயோ' என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். உண்பது ஒரு வினை, பார்ப்பது மற்றொன்று. நம்மைப் போலவே பார்த்தலை, முயன்று அறிதல் என்னும் பொருளில் துணையாக வைக்கிறார்கள். சொல்லிக்கொடு என்பதில் நாம் கொடுத்தலைச் சேர்ப்பதுபோல அவர்களும் கொடுத்தலைச் சேர்க்கிறார்கள். செய்துவிட்டேன் என்பதன் 'விடு' போல வினை முற்றுப்பெற்றதைச் சொல்லவும் ஒரு துணைவினை வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன் என்பதையும் எச்சத்தோடு 'இரு' சேர்த்தே அமைக்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியே இவை நான்கும் நான்கு தனித்தனி இலக்கண விதிகளாக, நான்கு வாரங்களில் வந்தன. தமிழின் வழியே ஒரே மாலையில் முடித்திருக்கலாம்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டதும் தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று தாவிவிடுகிறவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை. ஏற்பதற்கான ஒலிமாற்றச் சான்றுகளும் இல்லை. கற்பவருக்கு அந்த வழக்கு தேவையுமில்லை. உறவினரோ அந்நியரோ, அமைப்பு ஒன்றாக இருப்பதால் பாதி வேலை குறைகிறது என்பதே நமக்குப் போதும். வேறுபடும் இடங்களையும் அதே வெளிச்சத்தில் காட்டவேண்டும். எழுவாய்க்குத் தமிழில் உருபு இல்லை, கொரியத்தில் இரண்டு வகை ஒட்டுகள் உண்டு; நான் மாணவன் என்பதற்கும் நான்தான் மாணவன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக்கொண்டு அவற்றைத் தொடங்கினால் பல இடங்களில் வழி கிடைக்கும். அக்கா, அண்ணன் என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவர்களை, அவர்கள் அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வெவ்வேறு சொல்லால் அழைக்கிறார்கள் என்பதும் அப்படித்தான்.

சொற்பயிற்சிச் செயலி, மறக்கப்போகும் நேரத்தில் மீண்டும் கேட்கும் இடைவெளி முறையில் அமைந்தது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்கௌஸ் 1885-இல் மறதியை அளந்து எழுதியதிலிருந்து வளர்ந்துவந்த முறை அது; வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. பேருந்தில் வரும் நாற்பது நிமிடத்தில் நாளுக்குப் பதினைந்து புதிய சொற்கள் என்று வைத்துக்கொண்டேன். கொரிய எண்கள் இரண்டு வகை, மணியை ஒன்றாலும் நிமிடத்தை மற்றொன்றாலும் சொல்லவேண்டும். இந்த மாதிரியான பழக்கத்தால் மட்டும் வரக்கூடியவற்றுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஆனால் அதோடு வந்த அட்டைகளில் ஒரு பக்கம் கொரியச் சொல், மறுபக்கம் ஓர் ஆங்கிலச் சொல். உடைக்கு ஒரு வினை, கண்ணாடிக்கும் தொப்பிக்கும் ஒரு வினை, காலணிக்கு ஒரு வினை என்று கொரியர் பிரித்துச் சொல்வதெல்லாம் அட்டையின் மறுபக்கத்தில் ஒரே சொல்லாக நின்றதால் மூன்றையும் குழப்பிக்கொண்டே இருந்தேன். புடவை உடுத்தி, கண்ணாடி போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போகும் தமிழருக்கு இந்தக் குழப்பம் வரவேண்டியதில்லை. மூன்றாம் மாதத்தில், செயலியோடு வந்த அட்டைகளை ஒதுக்கிவிட்டு, முழுத் தொடர்களாக, தமிழ்ப் பொருளோடு நானே அட்டைகள் செய்துகொண்டேன். ஒரு வார இறுதி முழுதும் போனது. அதன் பிறகு மறந்துபோகும் சொற்கள் பாதியாகக் குறைந்தன.

செயற்கை நுண்ணறிவுடன் உரையாடும் பகுதியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கூச்சம் இல்லாமல் நள்ளிரவிலும் பேசிப் பழக ஓர் ஆள் கிடைத்தது பெரிய உதவி. கடையில் பொருள் வாங்குவது, மருத்துவரிடம் உடல்நிலை சொல்வது போன்ற காட்சிகளை எத்தனைமுறை வேண்டுமானாலும் நடத்திப் பார்க்கலாம். எழுதிய தொடரைத் திருத்தச் சொன்னால் திருத்தி, ஏன் என்று தமிழிலேயே கேட்டால் தமிழிலேயே விளக்கமும் சொல்கிறது. ஆனால் கொரிய மொழியில் மரியாதை என்பது வினைமுற்றில் ஏறியிருக்கும் ஒன்று. மேலதிகாரியிடம் ஒருவிதமாகவும், அறிமுகமானவரிடம் ஒருவிதமாகவும், நண்பனிடம் ஒருவிதமாகவும் முடிக்கவேண்டும். இந்த உரையாடல் துணையோ துறைத்தலைவராக நடிக்கும்போது தொடக்கத்தில் ஒரு நிலையிலும் நான்கு தொடருக்குப் பின் வேறொரு நிலையிலும் பேசியது. நான் நிலை தவறி, துறைத்தலைவரிடம் நண்பனிடம் பேசுவதுபோல முடித்தபோது ஒரு முறைகூடத் தடுக்கவில்லை. உண்மையான அலுவலகத்தில் அது எவ்வளவு பெரிய பிழை என்பதை, நீங்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில் நீ என்று கேட்ட எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒவ்வோர் உரையாடலின் தொடக்கத்திலும், நான் யார், நீங்கள் யார், மரியாதை தவறினால் உடனே நிறுத்தித் திருத்துங்கள் என்று எழுதிவைத்துவிட்டுத் தொடங்கும் வழக்கத்தைத் தமிழ் ஆசிரியை கற்றுக்கொடுத்த பிறகு நிலைமை தேறியது. இந்த ஒரு குறிப்பை நிறுவனம் முதல் நாளிலேயே எல்லாருக்கும் கொடுக்கலாம்.

மெய்நிகர் சந்தையில் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உருவங்களை நகர்த்தக் கற்பதிலேயே முதல் வகுப்பு முடிந்தது, எங்கள் வீட்டு இணைப்பில் படம் நின்று நின்று வந்தது, ஆறில் மூன்றுக்குப் பிறகு நான் போகவில்லை.

இதே பணத்தைச் செலவிடுமுன் இலவசமாகக் கிடைப்பவற்றையும் பார்க்கவேண்டும். கொரிய அரசின் ஆதரவில் 2007-இல் தொடங்கிய சேஜோங் கல்வி நிலையங்கள், 2024 கணக்குப்படி 88 நாடுகளில் 256 இடங்களில் இயங்குகின்றன. அவற்றை நடத்தும் அறக்கட்டளை இணையத்திலும் பாடங்களை வைத்திருக்கிறது. சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ, நேரில் சென்று படிக்கும் கொரிய வகுப்புகளுக்குப் பெயர்பெற்றது. கொரிய தேசிய மொழி நிறுவனம் கற்பவர்களுக்காகவே வைத்திருக்கும் இணைய அகராதியில் ஏறத்தாழ 50,000 சொற்கள், ஒலிப்பதிவோடும் வினைத்திரிபோடும் எளிய எடுத்துக்காட்டுகளோடும் உள்ளன. வியட்நாமியம், தாய், மங்கோலியம், இந்தோனேசியம், அரபு எனப் பல மொழிகளில் பொருள் தந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் தமிழும் ஒருநாள் சேரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பள்ளியில் கற்கக்கூடிய அயல்மொழிகளில் ஒன்றாகக் கொரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நாட்டில், இந்த ஆசை மிகையானது என்று நான் நினைக்கவில்லை.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: வகுப்பு முடிந்த வாரம், டோபிக் எனப்படும் கொரிய மொழித்திறன் தேர்வின் முதல் தாளுக்குரிய பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து வீட்டிலேயே எழுதினேன். கேட்டலுக்கு 30 வினா, வாசிப்புக்கு 40 வினா, மொத்தம் 200 மதிப்பெண். முதல் நிலைக்கு 80, இரண்டாம் நிலைக்கு 140 வேண்டும். எனக்கு 128 வந்தது. கேட்டலில் வாசிப்பைவிடக் கூடுதல். வேலைக்குப் போய்க்கொண்டே 24 வாரத்தில் இது நியாயமான முன்னேற்றம் என்று ஆசிரியரும் சொன்னார். அந்தத் தாளில் பேசவும் எழுதவும் வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பேச்சுக்கென்று தனித்தேர்வு 2022-இல்தான் தொடங்கியது. தேர்வைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. சென்ற மாதம் வரிசையில் ஓர் உதிரிபாகத்தின் விளிம்பில் பிசிறு இருந்ததைப் பற்றி இரண்டு கொரிய அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தபோது, எந்தப் பெட்டி, எத்தனை துண்டு, எப்போது வந்தது என்பது எனக்குப் புரிந்தது. பெட்டியை நானே எடுத்துவந்து கொடுத்து, தேதியைக் கொரிய மொழியில் சொன்னேன். துறைத்தலைவர் ஒரு கணம் நின்று, பதிலைக் கொரிய மொழியிலேயே என்னைப் பார்த்துச் சொன்னார்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், நேரடி வகுப்புகளைத் தவறவிடாமல் வரமுடிந்தவர்களுக்கு இந்த வகுப்பு கொடுத்த பணத்துக்குத் தகும். காணொளியும் செயலிகளும் போதும் என்று எண்ணுபவர்கள் இலவசப் பாடங்களோடு நின்றுகொள்ளலாம். ஐயம் தீர்க்கும் தமிழ் வகுப்பை வாரம் இருமுறையாக்கினால் கட்டணத்தை இரண்டாயிரம் கூட்டினாலும் தருவோம் என்று எங்கள் குழுவில் ஐந்து பேர் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிட்டேன். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலியைக் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டு, பிராட் மென்பொருளை என் கணினியில் போட்டு வைத்திருக்கிறேன்.